இறங்கிப் பார்க்கிற டிரைவர்

அந்தச் சிவப்புச் சட்டைக்காரனைப் பாருங்க சார். ரயில் கேட்டு மூடி கட்டை இன்னும் ஆடி அடங்கல, அதுக்குள்ள பைக்கைச் சாய்ச்சு அடியில நுழைக்கிறான். அந்தப் பக்கம் என்ன, அவனுக்கு மகுடம் சூட்டப் போறாங்களா? வீட்டுக்குப் போயி டிவி முன்னாடி உக்காரப் போறான். அதுக்கு இந்த அவசரம்.

நான் எஞ்சினை ஆஃப் பண்ணிட்டேன், ஏசி வராது, கண்ணாடியை இறக்கிக்கங்க சார். கரும்புத் தோகை கழுத்துல குத்துதா? கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி விடுங்க. டிக்கியில போடலாம்னா அடங்கல. வெளிய நீட்டிக்கிட்டுப் போனா பின்னாடி வர்றவன் கண்ணுல குத்திடும், அது சட்டப்படி தப்பு. அதான் உள்ளயே படுக்க வச்சிருக்கேன். உங்க காலடியில இருக்கிறது பொங்கப்பானை, உதைச்சிடாதீங்க. மஞ்சக்கொத்து, பச்சரிசி, வெல்லம், ஒரு புடவை, எல்லாம் இருக்கு. எங்க அக்காவுக்குப் பொறந்த வீட்டுச் சீர். உங்களை ஜெயங்கொண்டத்துல இறக்கிட்டு அப்படியே போய்க் குடுத்துட்டு வரணும்.

கூடப் பொறந்த அக்காவான்னு கேக்குறீங்களா? இல்ல சார். எனக்கு அக்காவே கிடையாது. இந்த அக்கா எனக்குக் கெடைச்சது மோட்டார் வாகனச் சட்டம் நூத்தி முப்பத்தொண்ணாவது பிரிவால.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். ரயில் எப்படியும் வரக் கொஞ்ச நேரம் ஆகும், கேளுங்க.

இப்ப இது கேட்கீப்பர் இருக்கிற கேட்டு. மூடினா நிப்போம், திறந்தா போவோம், இதுல டிரைவருக்குப் பெரிய வேலை இல்ல. ஆளில்லாத கேட்டுன்னு ஒண்ணு உண்டு. கட்டையும் கிடையாது, ஆளும் கிடையாது, நில் கவனி செல்னு ஒரு பலகை மட்டும் நிக்கும். அங்கதான் டிரைவரோட யோக்கியதை தெரியும். சட்டம் என்ன சொல்லுது? வண்டியை நிப்பாட்டணும். கண்டக்டரோ கிளீனரோ, இல்ல வண்டியில இருக்கிற வேற ஒருத்தரோ இறங்கணும். தண்டவாளம் வரைக்கும் நடந்து போகணும். ரெண்டு பக்கமும் ரயில் வருதா, டிராலி வருதான்னு பாக்கணும். அப்புறம் முன்னாடி நடந்து வண்டியைக் கூட்டிட்டுப் போகணும். யாருமே இல்லேன்னா டிரைவரே இறங்கிப் பாக்கணும். வண்டிக்குள்ள உக்காந்துக்கிட்டு கழுத்தை நீட்டிப் பாத்தா செல்லாது. கால் தரையில படணும் சார்.

எங்க வேன் ஸ்டாண்டுல எத்தனை பேரு இதைச் செய்வான்னு நினைக்கிறீங்க? நான் ஒருத்தன்தான். அதுக்காகவே எனக்கு நூத்தி முப்பத்தொண்ணுன்னு பேரு. ஞானசேகர்ங்கிற பேரு ரேஷன் கார்டுல மட்டும் இருக்கு. டீக்கடையில கூட, 'நூத்தி முப்பத்தொண்ணுக்கு ஒரு ஸ்ட்ராங் டீ'ம்பானுங்க. கேலிதான் பண்ணுவானுங்க. நாய் குரைச்சா சூரியன் உதிக்காம போயிடுமா?

அப்ப எனக்குக் கார் இல்ல, வேன்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன். கல்யாண சீசன் வந்தா வீட்டுல படுக்க நேரமிருக்காது. ஆனா ஒண்ணு சொல்றேன், இத்தனை கல்யாணத்துக்கு ஓட்டியிருக்கேனே, ஒரு தாலிகட்டு நான் பாத்ததில்ல சார். மண்டபத்து வாசல்ல ஆளுங்களை இறக்கிட்டு வண்டியை எங்கயாவது புளிய மரத்தடியில போடணும். கெட்டிமேளம் கேக்கும்போது நான் கண்ணாடி துடைச்சிக்கிட்டிருப்பேன். கடைசிப் பந்தியில கூப்பிடுவாங்க. அப்ப சாம்பார் இருக்கும், சாதம் இருக்காது. டிரைவருன்னா வண்டியில ஒரு ஸ்பேர் பார்ட்டு மாதிரிதான்.

அந்தச் சமயத்துலதான் இந்தக் கல்யாணம் வந்துச்சு. மாப்பிள்ளை பேரு கதிரேசன். தங்கமான பையன். அவனோட அம்மாதான் அஞ்சலை அக்கா, இப்ப சீர் போகுதே அவங்கதான். புருஷன் சின்ன வயசுலயே போயிட்டாரு, கூடப் பொறந்தவங்கன்னும் யாரும் இல்ல. ஒத்தையில நின்னு வளத்த பையன். ஆனா வீட்டுல அதிகாரம் பூரா பெரியப்பா கையில. தங்கராசுன்னு பேரு, மீசையைத் தடவாம ஒரு வார்த்தை பேச மாட்டாரு.

அந்தப் பெரியப்பாவுக்கு இந்தக் கல்யாணமே பிடிக்கல. அவரு சம்சாரத்தோட தம்பி மகளைக் கட்டி வைக்கணும்னு இருந்தாரு. பையன் சுகந்தின்னு ஒரு பொண்ணு மேல ஆசைப்பட்டு, அதைத்தான் கட்டுவேன்னு நின்னுட்டான். ஊரு முன்னாடி முடியாதுன்னு சொன்னா பேரு கெட்டுப் போகும் பாருங்க, அதனால பெரியப்பா தலையை ஆட்டிட்டாரு. ஆட்டிட்டு ஒரு வார்த்தை போட்டாரு, 'முகூர்த்தம் ஒன்பதரைக்குள்ள. தாலி அதுக்குள்ள ஏறணும். தவறிப் போச்சுன்னா தெய்வத்துக்கே இஷ்டமில்லன்னு அர்த்தம், வண்டியைத் திருப்பிடுவேன்'னுட்டாரு. இன்னொண்ணும் சொன்னாரு. புருஷன் இல்லாதவ மேடைக்கு வரக்கூடாது, அஞ்சலை கடைசி வரிசையில உக்காந்தா போதும்னு. பெத்த தாயை சார். எனக்கே கேக்க வயித்தெரிச்சலா இருந்துச்சு.

பொண்ணு ஊரு ஒண்ணும் தூரமில்ல. முதநாளே போய்த் தங்கியிருக்கலாம். பெரியப்பா, 'பொண்ணு வீட்டுல போயி ராத்தங்குற வழக்கம் நம்ம பரம்பரையில இல்ல'ன்னுட்டாரு. சரி, விடியக்காலையில கிளம்பினோம். கிளம்பின உடனே கோயில்ல நிறுத்துங்கிறாரு. கொஞ்ச தூரம் போனதும் டீ குடிக்கணும்ங்கிறாரு. அப்புறம் கூட்டாளி ஒருத்தர் வீட்டு வாசல்ல நிறுத்தி, அந்தாளு குளிச்சு முடிச்சு வர்ற வரைக்கும் உக்கார வச்சாரு. அதுக்கப்புறம் அவருக்கு வயித்தைக் கலக்குது. மனுஷனுக்கு எத்தனை கஷ்டம் பாருங்க ஒரே நாள்ல. நான் பாவம்னு நினைச்சேன்.

கதிரேசன் என் பக்கத்து சீட்டுல மாலையும் கழுத்துமா உக்காந்திருந்தான். முகத்துல ஒரு பதட்டம் இல்லையே. நேரமாகுது தம்பின்னு நான்தான் தவிக்கிறேன். அவன், 'நீங்க நிதானமா ஓட்டுங்கண்ணே, சட்டப்படி போங்க'ங்கிறான். கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை வாயில வர்ற வார்த்தையா சார் அது? எனக்கு மேல புல்லரிச்சுப் போச்சு.

பொண்ணு ஊருக்கு முன்னாடி சிமெண்டு பாக்டரி ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள கூட்ஸ் வண்டி போறதுக்குத் தனி லைன். அந்த லைன் ரோட்டைக் குறுக்கால வெட்டுற இடத்துல ஆளில்லாத கேட்டு. நான் வழக்கம் போல தள்ளியே நிப்பாட்டினேன். பின்னாடியிலேருந்து பெரியப்பா, 'என்னய்யா, ஏன் நின்னுட்ட?'ங்கிறாரு. காலையிலேருந்து அத்தனை இடத்துல நிறுத்தச் சொன்ன மனுஷன், நானா நிறுத்தினதும் கோவம் வருது. கேட்டுங்க, யாராவது இறங்கிப் பாக்கணும்னேன்.

ஒருத்தர் இறங்கணுமே. மாமா ஒருத்தருக்கு முழங்கால் வலி. சித்தப்பா பட்டு வேட்டி, முள்ளு குத்தும்ங்கிறாரு. சின்னப் பசங்களை இறக்க எனக்கு மனசு வராது. பெரியப்பாவோ, 'மாப்பிள்ளை வீட்டுக்காரன் நடு ரோட்டுல இறங்கி ரயில் வருதான்னு பாக்குறதா, ஊரு சிரிக்கும்'ங்கிறாரு. கிளீனர் இருக்கானான்னா, எனக்கேது கிளீனர். சரி, நான் இறங்குறேன்னு கதவைத் திறந்தேன். உடனே கதிரேசன், 'நானும் வரேண்ணே, ரெண்டு பக்கம் இருக்குல்ல, ஆளுக்கு ஒரு பக்கம் பாப்போம்'னான்.

மாப்பிள்ளை சார். மாலையோட. இந்த நாட்டுல எந்த மாப்பிள்ளையாவது சொல்லுவானா?

அவன் இறங்கும்போது அஞ்சலை அக்கா ஒரு மஞ்சப்பையை அவன் கையில குடுத்துச்சு. தாலியும் கூறைப்புடவையும் அதுலதான் இருந்துச்சு. எதுக்கு அக்கா, ரெண்டு நிமிஷ வேலைன்னு நான் கேட்டேன். 'இல்ல தம்பி, வண்டியில ஆளாளுக்குக் காலு படும், அவன் கையில இருக்கட்டும்'னுச்சு. தாய் மனசு பாருங்க, ரெண்டு நிமிஷம்னாலும் தாலி மேல காலு படக்கூடாது. சொல்லிட்டு பையன் கன்னத்தைத் தொட்டுச்சு. ரொம்ப நேரம் தொட்டுச்சு. ரயில் கேட்டுன்னாலே பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் பயம்தான்.

நான் எஞ்சினை ஆஃப் பண்ணி, பிரேக்கை இழுத்து, சாவியை எடுத்து சட்டைப் பையில போட்டேன். டிரைவர் சீட்டை விட்டு இறங்கும்போது ஓடுற வண்டியை அப்படியே விடக் கூடாது, அதுக்கும் ஒரு பிரிவு இருக்கு. நான் மறந்தாலும் அன்னிக்கு மறக்க முடியாது, ஏன்னா கதிரேசனே, 'சாவியை எடுத்துக்கிட்டீங்களாண்ணே?'ன்னு கேட்டான். எல்லாருக்கும் இந்த அக்கறை இருந்தா இந்தியாவுல விபத்தே நடக்காது.

தண்டவாளத்துக்கிட்ட போனோம். நான் வலப்பக்கம் பாத்தேன், வெட்ட வெளி, ஒண்ணுமில்ல. இடப்பக்கம் தைலமரக் காடு, அதுல ஒரு வளைவு. 'இங்கேருந்து அந்த வளைவு சரியாத் தெரியாதுண்ணே, தாண்டிப் போயி அந்தப் பக்கத்துலேருந்து பாத்தாத்தான் தெரியும்'னான். வாஸ்தவம்தான்னு ரெண்டு பேரும் தாண்டிப் போனோம். போயி நின்னு நான் கண்ணு மேல கையை வச்சுப் பாக்குறேன், எஞ்சின் ஹாரன் கேக்குது. தைலமரத்துக்குள்ளேருந்து கூட்ஸ் வண்டி வருது.

எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு சார். பாத்தியா தம்பி, பாத்தியா, இறங்காம ஓட்டியிருந்தா என்னாயிருக்கும்னேன். 'ஆமாண்ணே, உங்களாலதான்'னான். எஞ்சின் டிரைவர் எங்களைக் கடந்து போகும்போது கதிரேசனைப் பாத்துக் கையை ஆட்டிக் கட்டை விரலைக் காட்டினாரு. முன்னப் பின்ன தெரியாத மனுஷன், கல்யாண மாலைக்கு மரியாதை குடுக்கிறாரு.

வேகன் வேகனாப் போகுது, போகுது, போகுது. அப்புறம் கிறீச்சுன்னு ஒரு சத்தம். நின்னுடுச்சு. ரோட்டை அடைச்சுக்கிட்டு அப்படியே நின்னுடுச்சு சார். உள்ள பாக்டரி கேட்டு திறக்குற வரைக்கும் தினமும் அங்கதான் நிக்குமாம், எனக்கென்ன தெரியும்.

இப்ப நிலைமையைப் பாருங்க. அந்தப் பக்கம் வேன், வேன் நிறைய மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. இந்தப் பக்கம் நான், மாப்பிள்ளை, தாலி. வேன் சாவி என் சட்டைப் பையில.

வேகனுக்கு அடியால பாத்தா காலுங்க மட்டும்தான் தெரியுது. பட்டுக் கரை வேட்டி, கோபமா அங்கயும் இங்கயும் நடக்குற காலு, அது பெரியப்பா. 'டிரைவரு, சாவியை அடியில எறி, நாங்க சுத்திக்கிட்டு வரோம்'னு கத்துறாரு. நான் எறியறதுக்குக் கையை ஓங்கிட்டேன் சார். சத்தியமா ஓங்கிட்டேன். கதிரேசன்தான், 'அண்ணே, அங்க யாருக்கும் வேன் ஓட்ட லைசென்ஸ் இல்லையே, குடுக்கலாமா?'ன்னான். எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. லைசென்ஸ் இல்லாதவன் கையில சாவியைக் குடுத்தா குடுத்தவனுக்கும் தண்டனை. ஆத்திரத்துல எவ்வளவு பெரிய தப்பு பண்ண இருந்தேன் பாருங்க. லைசென்ஸ் இருக்குங்களான்னு கத்திக் கேட்டேன். டூவீலர் லைசென்ஸ் இருக்குங்கிறாரு பெரியப்பா. அதுக்கு சாவி கிடையாதுன்னுட்டேன்.

உடனே மனுஷன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வேகனுக்கு அடியில நுழையக் குனியறாரு. ஐயா, நுழையாதீங்க, வண்டி எப்ப நகரும்னு சொல்ல முடியாது, ரயில்வே சட்டப்படி குற்றம், உசுரும் போயிரும்னு நான் அலறுறேன். அப்ப இன்னொரு ஜோடிக் காலு வேகமா வந்துச்சு, செருப்பு இல்லாத காலு. அஞ்சலை அக்கா. குனிஞ்ச மனுஷனோட வேட்டியை ரெண்டு கையாலயும் பிடிச்சுப் பின்னாடி இழுத்துச்சு. 'மாமா, சட்டம் மாமா, டிரைவரு சொல்றாருல்ல, சட்டம்'னு கத்துது. வேட்டியை விட்டா அவரு நுழைஞ்சிடுவாரு, இழுத்தா வேட்டி வந்துடும். அவரு நிமிர்ந்துட்டாரு. அத்தனை பேருல என் பேச்சை மதிச்ச ஒரே ஆத்மா சார் அது.

நேரம் ஓடுது. ரயில் அசையல. அந்தப் பக்கத்துலேருந்து பெரியப்பா குரல் இப்ப சாந்தமா வருது. 'சகுனம் சரியில்லடா கதிரேசா. ரயிலே குறுக்க நிக்குது பாத்தியா. முகூர்த்தம் தாண்டப் போகுது. வேற நாளு, வேற இடம் பாப்போம்'ங்கிறாரு. சிரிச்சுக்கிட்டே சொல்றாருங்கிறது குரல்லயே தெரியுது.

நான் கதிரேசனைப் பாத்தேன். இவ்வளவு நேரம் கல்லு மாதிரி இருந்த பையன், அப்பத்தான் கண்ணு கலங்குனான். 'அண்ணே, இன்னிக்கு விட்டா இந்தக் கல்யாணம் என்னிக்கும் நடக்காதுண்ணே. சுகந்தி மாலையோட உக்காந்திருக்கு. தனியாப் போனா என் பக்கம் ஆளு யாருன்னு கேப்பாங்க. நீங்க வருவீங்களா?'ன்னான்.

வண்டியை விட்டுட்டு வர முடியாதே தம்பின்னேன். வண்டி நின்ன இடத்துல நிக்குது, பிரேக் போட்டிருக்கு, சாவி கையில இருக்கு, இதுல என்ன சட்ட மீறல்னு அவன் கேட்டான். யோசிச்சுப் பாத்தேன். ஒரு ஓட்டையும் இல்ல சார்.

எப்படிப் போறது? அங்கதான் அதிர்ஷ்டம். ரோட்டோரம் வேப்பமரத்தடியில ஒரு பால்காரரு டிவிஎஸ் வச்சுக்கிட்டு நின்னாரு, கேனெல்லாம் இறக்கி வச்சிட்டு. 'எடுத்துட்டுப் போங்க, நான் நடந்து வரேன்'னு நாங்க கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. மூணு பேரு போனா தப்புன்னு அவருக்கும் தெரிஞ்சிருக்கு பாருங்க. அதை விட, அவருகிட்ட ரெண்டு ஹெல்மெட் இருந்துச்சு சார். ரெண்டு. பால் ஊத்துற மனுஷன் பின்னாடி உக்கார்றவனுக்கும் சேத்து ஹெல்மெட் வச்சிருக்காரு. இப்படி ஒரு குடிமகனை நீங்க பாத்திருக்கீங்களா? லைசென்ஸ் என்கிட்ட இருக்கு, ஹெல்மெட் மாட்டியாச்சு, மாப்பிள்ளை மாலையைக் கசங்காமப் பிடிச்சுக்கிட்டு மஞ்சப்பையோட பின்னாடி உக்காந்தாச்சு. விட்டேன் பாருங்க வண்டியை. வேகக் கட்டுப்பாட்டுக்கு உள்பட்டுத்தான்.

மண்டபத்து வாசல்ல வரவேற்க நின்ன பொம்பளைங்க ஆரத்தித் தட்டோட முழிக்கிறாங்க. வேன் வரும்னு பாத்தா ஹெல்மெட் போட்ட ரெண்டு பேரு வர்றாங்க. எனக்கும் சேத்தே சுத்திட்டாங்க. உள்ள போனா பெரியவரு ஒருத்தரு, 'மாப்பிள்ளை வீட்டுல யாரு வந்திருக்கீங்க?'ன்னு கேட்டாரு. நான் ஹெல்மெட்டை அக்குள்ள வச்சுக்கிட்டு, டிரைவருங்கன்னு சொல்லி வெளிய போகத் திரும்பினேன். பழக்க தோஷம். கதிரேசன் என் கையைப் பிடிச்சு நிறுத்தி, 'இவரு என் தாய்மாமன்'னு சொன்னான்.

சபையில சார். அத்தனை பேரு முன்னாடி.

காக்கிச் சட்டை மேலயே சந்தனத்தைப் பூசி, தலையில துண்டைக் கட்டி, மாமன் மாலையை என் கையில குடுத்தாங்க. எப்படிப் போடுறதுன்னு தெரியாம ஸ்டியரிங் மாதிரி ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன். அக்காவுக்குப் போனைப் போட்டு, கட் பண்ணாம மேடையில தாம்பாளத்துக்குப் பக்கத்துல வச்சேன். கெட்டிமேளம் அடிச்சாங்க. எவ்வளவு கிட்டத்துல கேட்டேன் தெரியுமா, காது அடைச்சுப் போச்சு. கதிரேசன் மூணு முடிச்சையும் அவனே போட்டான். நான் அட்சதையைத் தூக்கிப் போட்டேன், பாதி என் தலையிலயே விழுந்துச்சு. போனை எடுத்து, அக்கா, கட்டியாச்சுக்கான்னேன். 'தம்பி'ன்னுச்சு. அவ்வளவுதான். அழுதுச்சா சிரிச்சுச்சான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. நானும் அழுதேன், ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு.

ரயில் நகந்ததும் நான் திரும்பிப் போயி, முறைப்படி மறுபடியும் இறங்கிப் பாத்து, ஒரு பையனை முன்னாடி நடக்க விட்டு, வேனைக் கூட்டிட்டு வந்தேன். வழி நெடுகப் பெரியப்பா என் பரம்பரையையே திட்டிக்கிட்டு வந்தாரு. அக்கா ஜன்னலோரமா கையால வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்துச்சு. மண்டபத்துல கடைசி வரிசையைப் பாத்து நடந்துச்சு. அந்தப் பொண்ணு சுகந்தி மேடையிலேருந்து இறங்கி ஓடி வந்து, கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி மேல நடுவுல உக்கார வச்சிடுச்சு. எவனும் தடுக்கல. தாலி ஏறின பொண்ணுகிட்ட யாரு பேச முடியும்? எனக்கு முதல் பந்தியில இலை. வடை மூணு வச்சாங்க.

பெரியப்பா அதோட விட்டாரா? ஆர்டிஓ ஆபீசுல என் மேல புகார் குடுத்துட்டாரு, பயணிங்களை நடு ரோட்டுல தவிக்க விட்டுட்டு சாவியோட ஓடிட்டான்னு. கூப்பிட்டு விட்டாங்க. நடந்ததை ஒண்ணு விடாம, பிரிவு பிரிவா சொன்னேன். அந்த அதிகாரி கேட்டுக்கிட்டே வந்தவரு, பால்காரரோட ரெண்டாவது ஹெல்மெட் கிட்ட வரும்போது பேனாவை வச்சிட்டு வெளிய போயிட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு முகத்தைக் கழுவிட்டு வந்து, 'உம்ம மேல ஒரு தப்பும் இல்லய்யா, போய்ட்டு வாரும்'னாரு. ஒரு பாராட்டுப் பத்திரம் குடுத்திருக்கலாம். குடுக்கல. அந்த மனத்தாங்கல் எனக்கு உண்டு. என் சம்சாரமும் அப்படித்தான். இந்தக் கதையை நான் எடுத்தாலே முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அடுப்படிக்குப் போயிடும்.

அப்பறம் அக்கா வந்துச்சு ஒரு நாளு வீட்டுக்கு. சபையில தாய்மாமன்னு ஆயாச்சு, இனிமே நீதான் என் பொறந்த வீடுன்னுச்சு. அன்னிலேருந்து வருஷா வருஷம் பொங்கச் சீர். நூத்தி முப்பத்தொண்ணாவது பிரிவுல பொங்கச் சீர் குடுக்கணும்னு எங்க சார் போட்டிருக்கு? ஆனா குடுக்காம இருக்க முடியுமா? நான் போற வரைக்கும் அது பானை வைக்காது. வாசல்லயே நிக்கும்.

என்ன சார் கேட்டீங்க? கதிரேசன் எங்க வேலை பாக்குறானா? அங்கதான், அந்த சிமெண்டு பாக்டரியிலதான். லோடிங் செக்‌ஷன். எந்த கூட்ஸ் எத்தனை மணிக்கு உள்ள வரணும், எங்க நிக்கணும்னு எழுதி அனுப்புறது அவன் வேலை. ரொம்பப் பொறுப்பான...

இருங்க சார்.

இருங்க.

அப்ப அந்த எஞ்சின் டிரைவரு, நாங்க தாண்டுற வரைக்கும் தைலமரத்துக்குள்ளயே காத்துக்கிட்டு... பால்காரரு... அட ஆமா, அந்தாளைப் பந்தியில பரிமாறும்போது பாத்தேன், பொண்ணோட சித்தப்பாங்கிறாங்க. அக்கா மஞ்சப்பையை... அட, அக்காவுமா?

கேட்டு திறந்துட்டாங்க. தெரியுது சார். அடிக்கட்டும் ஹாரனை.

ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அக்கா வண்டி பேச ஸ்டாண்டுக்கு வந்தப்ப, ஏசி வேன் நின்னுச்சு, பாட்டுப் போட்டு லைட் எரியிற வேன் நின்னுச்சு. எதையும் பாக்கல. ஆளில்லாத கேட்டுல இறங்கிப் பாக்குற டிரைவரு யாருன்னு கேட்டுச்சாம். பயலுங்க சிரிச்சுக்கிட்டே என்னைக் கை காட்டுனானுங்க. எங்கிட்ட வந்து, 'அவசரம்னாலும் இறங்குவியா தம்பி? வண்டியில பெரிய மனுஷங்க இருந்து திட்டுனாலும் இறங்குவியா?'ன்னு கேட்டுச்சு. சாமியே வந்து உக்காந்திருந்தாலும் இறங்கித்தான் பாப்பேன்னேன். சரின்னு தலையை ஆட்டிட்டுப் போச்சு.

நான் ஒரு தடவை இறங்காம ஓட்டியிருந்தா, அவ்வளவுதான் சார், அந்தப் பையன் வாழ்க்கை போச்சு. ரயில் முன்னப் பின்ன வரலாம், பால்காரரு வராமப் போகலாம். நான் இறங்குவேன்ங்கிறதுல மட்டும் அவங்களுக்கு சந்தேகமே இல்ல. ஊரே எதைச் சொல்லி என்னைச் சிரிச்சுதோ, அதை நம்பி ஒரு தாயி மகன் கல்யாணத்தையே வச்சிருக்கு.

எனக்குச் சந்தோஷமா இருக்கு சார். ரொம்ப சந்தோஷமா இருக்கு. அந்தத் துண்டை எடுங்க, பானைக்குப் பக்கத்துல இருக்கும். கண்ணு மறைக்கும்போது வண்டியை எடுக்கக் கூடாது, சட்டத்துல இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. பின்னாடி இருக்கிறவனை நிக்கச் சொல்லுங்க.